சிகிச்சையா, கருணைக்கொலையா? வளர்ப்புப் பாம்பின் மருத்துவ வரலாறு

கடும் நோயுற்ற வளர்ப்புப் பாம்புக்கு எந்தச் சிகிச்சையைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது, எந்தக் கட்டத்தில் அதன் உயிரை வலியின்றி முடித்துவைப்பது என்னும் கேள்விகள் இன்றைய கால்நடை மருத்துவத்தில் இயல்பாக எழுபவை. ஆனால் அவை பரவலாக எழத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகவில்லை. மனிதர் பாம்பைக் கூண்டில் வைத்துக் காத்த வரலாறோ அதைவிட மிக நீண்டது. அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் நோயுற்ற பாம்பு தானாகத் தேறினால் தேறும், இல்லையேல் இறக்கும் என்பதே நடைமுறையாக இருந்தது. ஒரு சிகிச்சையை எடைபோட வேண்டுமானால், நோய் இன்னதென்று பிராணி உயிரோடிருக்கும்போதே அறியும் வழி வேண்டும். அறுவையைத் தாங்கவைக்கும் மயக்க மருந்து வேண்டும். அந்த உடலுக்கென்றே அளந்த மருந்தளவு வேண்டும். அந்தப் பிராணி வலியை உணர்கிறது என்ற ஏற்பும் வேண்டும். இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஊர்களில், பெரும்பாலும் பாம்புகளின் சாவுகளுக்குப் பின்னரே வந்துசேர்ந்தன. பாலூட்டிகளுக்கான மருத்துவத்தை அப்படியே பாம்பின்மேல் ஏற்றியபோது பாம்புகள் மாண்டன. பாம்பின் உடல் வேறொரு கால அளவில் இயங்குகிறது என்பதை ஒருவர் உணர்ந்தபோதெல்லாம் மருத்துவம் ஓரடி முன்னே சென்றது.

லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவிலிருந்த விலங்கியல் சங்கத்தின் தோட்டத்தில் 1849-ஆம் ஆண்டு ஊர்வனவற்றுக்கென்றே ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. உலகில் இவ்வகைக் கட்டடங்களுள் முதலாவது அதுவே என்பர். அதற்கு முன்பு ஐரோப்பாவில் பாம்புகளை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஊர் ஊராகச் சென்ற காட்சிக்காரர்களும் துறைமுகங்களில் கடை வைத்திருந்த விலங்கு வணிகர்களுமே. கப்பலில் வந்திறங்கிய மலைப்பாம்பு கம்பளியில் சுற்றிப் பெட்டியில் அடைக்கப்படும். அது இறந்தால் அடுத்த கப்பலில் இன்னொன்று வரும். எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்க சரக்காக ஓர் உயிர் இருக்கும் வரையில் அதன் நோய்க்கு மருந்து தேட எவருக்கும் காரணமில்லை.

புதிய கட்டடம் இந்த மனநிலையை உடனே மாற்றிவிடவில்லை. அங்கிருந்த போவா ஒன்று, 1850-ஐ ஒட்டிய காலத்தில், தன் கூண்டில் விரித்திருந்த கம்பளியையே விழுங்கிவிட்டது. ஈதரைக் கொண்டு மனிதரை மயக்கி அறுவை செய்யும் முறை 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காட்டப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே லண்டன் மருத்துவர்களின் கைக்கு வந்திருந்தது. ஆயினும் பாம்பின் வயிற்றைத் திறப்பது பற்றிய பேச்சே எழவில்லை; பராமரிப்பாளர்கள் காத்திருந்தனர், பாம்பும் சில வாரங்கள் கழித்துக் கம்பளியைக் கக்கியது. மாதக்கணக்கில் உணவின்றி வாழக்கூடிய பிராணி என்பதால் காத்திருத்தல் அந்த முறை பலித்தது. வேறு எத்தனையோ நோய்களில் அதே காத்திருத்தல் மெதுவான சாவாக முடிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பது பாம்பு மருத்துவத்தின் தொடக்க இடர்ப்பாடு.

அக்கால அறிஞர்களின் கவனம் பாம்பின் நோயில் அல்லாமல் அதன் வெப்பத்தில் சென்றது. பாரிஸ் தாவரத் தோட்டத்தின் விலங்கியல் பிரிவில் 1841-இல் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகிடந்த ஒரு மலைப்பாம்பின் உடல் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதை வலன்சியென் அளந்து காட்டினார். லண்டனில் 1862-இல் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று அடைகாத்தபோதும் அதே போன்ற அளவீடுகள் எடுக்கப்பட்டன. குளிர் இரத்தப் பிராணி என்று பொதுவாக அழைக்கப்படும் பாம்பு, தன் உடலுக்குள் போதிய வெப்பத்தைத் தானே உண்டாக்காமல் சூழலிலிருந்து பெற்றுக்கொள்ளும் உயிர் என்பதால்தான் இந்த விதிவிலக்கு வியப்பளித்தது. அவ்வளவு துல்லியமாக வெப்பத்தை அளந்தவர்கள், நோயுற்ற பாம்புக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைக் கேள்வியாக எழுப்புவதற்கு மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்தக் கேள்வியைக் கட்டடமாகவே எழுப்பியவர் ஜோன் பியூசாம்ப் புரோக்டர். 1897-இல் லண்டனில் பிறந்து, சிறுவயது முதலே பல்லிகளையும் பாம்புகளையும் வளர்த்து, பள்ளிக்கு ஒரு முதலைக் குட்டியையே எடுத்துச்சென்ற இவர், பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் ஜார்ஜ் பூலஞ்சே என்னும் பெரும் ஊர்வனவியலாளரிடம் பயின்றார். வாழ்நாள் முழுவதும் குடல் நோயால் வருந்தியதனால் பல்கலைக்கழகப் படிப்புக்குச் செல்ல இயலாத அவரை, 1923-இல் லண்டன் விலங்கியல் சங்கம் ஊர்வனவற்றின் காப்பாளராக நியமித்தது. நோயுற்ற ஊர்வனவற்றைத் தம் கையாலேயே பரிசோதித்து, வாய்ப்புண்களைத் துடைத்து, சிறு அறுவைகள் செய்து தேற்றுவதில் அவர் பெயர் பெற்றார்.

ஆயினும் அவருடைய பெருஞ்சாதனை அறுவைகளில் இல்லை. 1927-இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன மாளிகையின் உள்ளமைப்பை அவரே வகுத்தார். கட்டடம் முழுவதையும் ஒரே அளவில் சூடாக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் மின்சாரத்தால் சூடாகும் பாறைகளையும் குளிர்ந்த பகுதிகளையும் அடுத்தடுத்து அமைத்தார். சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புறஊதாக் கதிர்களை உள்ளே விடும் வைட்டா கண்ணாடி என்னும் புதுவகைக் கண்ணாடியும் பொருத்தப்பட்டது. பாம்பு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே தேடிச் செல்லலாம் என்னும் இந்த ஏற்பாடு, காட்சிக்கூண்டின் வசதி என்ற அளவில் நின்றுவிடவில்லை. பாம்பின் செரிமானம், நோய் எதிர்ப்பாற்றல், காயம் ஆறும் வேகம், பின்னாளில் அறியப்பட்டபடி மருந்து உடலில் பரவி வெளியேறும் வேகம் ஆகிய எல்லாமே உடல்வெப்பத்தைப் பொறுத்தவை. ஆதலால் சரியான வெப்பம் கிடைக்காத பாம்புக்குச் செய்யும் எந்தச் சிகிச்சையும் அரைச் சிகிச்சையே. இன்றைய மருத்துவர் நோயுற்ற பாம்பைத் தொடுவதற்கு முன்பே அதன் கூண்டின் வெப்பத்தை விசாரிக்கிறார் என்றால், அந்த வழக்கத்தின் வேர் இந்த மாளிகையில் இருக்கிறது. புரோக்டர் 1931-இல், 34 வயதில், காலமானார்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் அறிவு வேறு வழியாக, இறந்த உடல்களின் வழியாகச் சேர்ந்தது. பிலடெல்பியா விலங்குக்காட்சிசாலை 1901-இல் பென்ரோஸ் ஆய்வகத்தை நிறுவி, அங்கே இறக்கும் விலங்குகளை முறையாகக் கூறாய்வு செய்து பதிவுசெய்யும் வழக்கத்தைத் தொடங்கியது. குடல் புண்ணாகிச் சடுதியில் மாண்ட பாம்புகளை ஆராய்ந்த ராட்கிளிஃபும் கைமனும் 1930களின் முற்பகுதியில், அதற்குக் காரணம் அமீபா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்று அறிவித்தனர். 1934-இல் ரோடேன் அதற்கு என்டமீபா இன்வேடன்ஸ் என்று பெயரிட்டார். தாவர உணவு உண்ணும் ஆமைகள் இந்த அமீபாவைத் தம் குடலில் தீங்கின்றிச் சுமக்கக்கூடும் என்பதும், அவற்றோடு ஒரே அறையில் வைத்த பாம்புகள் அதனால் சாகும் என்பதும் பின்னர் தெளிவாயின. காப்பாளரின் நோக்கில் இது பெரும் திருப்பம்: ஒரு பாம்பின் நோய் அந்தப் பாம்பின் நோயாக மட்டும் இருப்பதில்லை, பக்கத்துக் கூண்டுகளின் நோயாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அன்று தொடங்கியது. இந்த அமீபாவுக்கு எதிரான நம்பகமான மருந்தாகிய மெட்ரோநிடசோல் பாம்புகளுக்குப் பயன்பாட்டுக்கு வர 1970கள் ஆயிற்று.

கலிபோர்னியாவின் சான் டியாகோ விலங்குக்காட்சிசாலையில் நடந்தது இதற்கு மாறான கதை. 1916-இல் அதைத் தோற்றுவித்த ஹாரி வெகெஃபோர்த் தாமே மனித மருத்துவர். அங்கே விலங்கு மருத்துவமனை ஒன்றும் 1927-இல் எழுந்தது. ஆனால் அக்காலத்தில் அங்கிருந்த டயாப்லோ என்னும் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு இரையை ஏற்க மறுத்தபோது, பணியாளர்கள் பலர் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்ள, அரைத்த இறைச்சியைக் குழாய் வழியாக அதன் தொண்டைக்குள் செலுத்தினர். காலப்போக்கில் அந்த உணவூட்டல் மக்கள் கூடிப் பார்க்கும் காட்சியாகவே மாறியது. பாம்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்ததை மறுக்க முடியாது. ஆயினும் உண்ண மறுப்பது நோயின் அறிகுறியா, பருவ இயல்பா, அச்சத்தின் விளைவா என்று கேட்காமல், மறுப்பையே நோயாகக் கொண்டு வென்றெடுத்த செயல் அது. சிகிச்சை பிராணிக்குத் தரும் துன்பத்தை ஒரு தட்டிலும் பயனை மறு தட்டிலும் வைத்துப் பார்க்கும் வழக்கம் அன்று இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வலிந்து உணவூட்டுதல் பாம்பை அலைக்கழித்து, உணவுக்குழாயைக் காயப்படுத்தி, உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்லவும் இடமளிக்கும் என்பதால், இன்று அது வெப்பம், நீர்ச்சத்து, நோய் ஆகியவற்றைக் கவனித்த பின்னரே, கடைசியாக எண்ணிப்பார்க்கப்படுவது.

பாம்பு மருத்துவ வரலாற்றின் இருண்ட பகுதி மயக்க மருத்துவத்துக்கு முந்தைய குளிரூட்டல். பாம்பைக் குளிர்பதனப் பெட்டியிலோ பனிக்கட்டியின் நடுவிலோ வைத்தால் அது சிறிது நேரத்தில் அசைவற்றுப் போகும். அந்த அசைவின்மையை மயக்கமென்று கொண்டு அதன் உடலை அறுத்துத் தைத்தனர். இந்த வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, சில இடங்களில் இன்னும் பிந்தியும், தொடர்ந்தது. குளிர் தசைகளை முடக்குகிறதே தவிர வலியுணர்வை நம்பத்தகுந்த வகையில் நீக்குவதில்லை. துடிக்க இயலாத பிராணி துடிக்கவில்லை என்பதைக் கொண்டு அது எதையும் உணரவில்லை என்று முடிவுசெய்ததே இதன் அடிப்படைப் பிழை. அதோடு, குளிர்ந்த உடலில் நோய் எதிர்ப்பாற்றல் தாழ்ந்து, காயம் ஆறுவதும் தடைப்படும். அறுவைக்குப் பின் உடல் சூடேறும்போது பாம்பு திறந்த காயத்தின் வலியோடு விழித்தெழும். இப்படி அறுக்கப்பட்ட பாம்புகள் எத்தனை என்று கணக்கெடுத்தவர் இல்லை. அவற்றைக் கையாண்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் அவற்றைக் காப்பாற்றவே முயன்றவர்கள். அதனாலேயே இந்தப் பகுதி கூடுதலாக வருத்துகிறது.

மாற்று வழிகள் படிப்படியாக வந்தன. 1955-இல் கார்ல்ஸ்ட்ராம், குக் ஆகியோர் கோப்பியா என்னும் மீனியல், ஊர்வனவியல் இதழில் பெண்டோபார்பிட்டால் ஊசியால் பாம்புகளை மயக்கிய முறையை விவரித்தனர். ஆனால் ஒருமுறை செலுத்திய ஊசிமருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. மெதுவாக இயங்கும் உடலில் அது மணிக்கணக்கில் தங்கி, மயக்கத்துக்கும் சாவுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறுக்கிவிடும். மனித மருத்துவத்தில் 1956-இல் புழக்கத்துக்கு வந்த ஹாலோத்தேன் என்னும் மூச்சுவழி மயக்க மருந்தை ஹேக்கன்பிராக்கும் ஃபின்ஸ்டரும் பாம்புகளில் பயன்படுத்தி 1963-இல் அதே இதழில் எழுதினர். பாம்பு நெடுநேரம் மூச்சை அடக்கிக்கொள்ள வல்லது என்பதால், மருந்தாவி நிறைந்த சாடியில் அதை விட்டுவிட்டுக் காத்திருப்பது சில சமயம் பயனற்றுப் போகும். ஆனால் அதன் மூச்சுத்துளை வாயின் அடித்தளத்தில் வெகு முன்னே, கண்ணுக்குத் தெரியும்படியே அமைந்திருக்கிறது. இரை வாயை அடைத்திருக்கும்போதும் மூச்சுவிட உதவும் அந்த அமைப்பினால், பூனைக்கோ முயலுக்கோ செய்வதைவிட எளிதாகப் பாம்பின் மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த முடிந்தது. அதன்பின் மருத்துவர் தம் கையாலேயே நிமிடத்துக்குச் சில முறை காற்றை ஊட்டி, மயக்கத்தின் ஆழத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயன்றது. 1972-இல் கிளென் முதலியோர் கேட்டமின் ஊசியைப் பாம்புகளில் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். பிற்காலத்தில் ஐசோஃப்ளுரேனும் புரோபோஃபாலும் வந்து, மயக்கம் தெளிய நாட்கள் பிடித்த நிலையை மாற்றின. வயிற்றைத் திறக்கலாமா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்பதற்கான முதல் தகுதி மருத்துவருக்கு வந்தது 1955 முதலான இருபது ஆண்டுகளில்தான்.

மருந்தளவின் கதை இதைவிடத் துயரமானது. கடும் பாக்டீரியத் தொற்றுகளுக்கு எதிராக 1960களில் வந்த ஜென்டமைசின் பாம்புகளுக்கும் பயன்பட்டது. அளவு பாலூட்டிகளின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. தொற்று தீர்ந்த பாம்புகள் சில காலம் கழித்துச் சிறுநீரகம் கெட்டு இறந்தன. பாம்பு கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றும் பிராணி. சிறுநீரகம் தளர்ந்தால் அந்த அமிலம் இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலும் பிற உறுப்புகளிலும் வெண்மையான படிவாகத் தங்கிவிடும். வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிசாலையைச் சேர்ந்த புஷ் முதலியோர் 1978-இல் கோஃபர் பாம்புகளின் உடலில் ஜென்டமைசின் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்து, நாள்தோறும் அன்றி 72 மணிநேரத்துக்கு ஒருமுறை கொடுப்பதே தகும் என்று காட்டினர். மறு ஆண்டு மாண்டாலி முதலியோர் அம்மருந்து பாம்பின் சிறுநீரகத்தில் செய்யும் அழிவை நுண்ணோக்கி வழியே விவரித்தனர். 1985-இல் மேடரும் துணைவர்களும், அதே இனப் பாம்புகளில், 25 பாகை செல்சியஸைவிட 37 பாகையில் அமிகாசின் மருந்து உடலிலிருந்து விரைவாக வெளியேறுவதைக் கண்டனர். சிறுநீரகத்துக்குக் குறைந்த தீங்கு செய்யும் செஃப்டாசிடிம் 1984-இல் லாரன்ஸ் முதலியோரால் பாம்புகளில் சோதிக்கப்பட்டு, அதுவும் 72 மணிநேர இடைவெளியில் போதுமென்று தெரிந்தது. இன்றும் வளர்ப்பவர் வீட்டிலேயே போடும் ஊசியாகப் பெரிதும் வழங்குவது அதுவே. மூன்று நாளுக்கு ஒரு ஊசி என்னும் அந்த எளிய விதி, பிராணியை அடிக்கடி பிடித்து அலைக்கழிக்கும் துன்பத்தைக் குறைத்து, நீண்ட சிகிச்சையை ஏற்கத்தக்கதாக ஆக்கியது.

இந்த ஆய்வுகள் விலங்குக்காட்சிசாலைகளில் நடந்துகொண்டிருந்தபோதே பாம்பு வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. வட அமெரிக்காவின் சோளப் பாம்பும், கானா, டோகோ, பெனின் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பெருந்தொகையாக ஏற்றுமதியான பால் பைத்தானும், அதாவது அஞ்சும்போது பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பும், வளர்ப்புப் பிராணிகளாயின. 1992-இல் வெளிறிய நிறப் பால் பைத்தான் முதன்முறையாக வளர்ப்பில் பிறந்த பின்னர், புதுப்புது நிறவகைகளை உண்டாக்கி விற்கும் தொழிலே பெருகியது. 30 ஆண்டுகள் வரை வாழக்கூடிய பால் பைத்தானை இளமையிலிருந்தே வளர்த்தவருக்கு அது மாற்றிக்கொள்ளத்தக்க சரக்காக இருக்கவில்லை. ஃபிரை 1973-இல் எழுதிய நூலும், கூப்பரும் ஜாக்சனும் 1981-இல் தொகுத்த ஊர்வன நோய்கள் பற்றிய இரு பெருந்தொகுதிகளும் மருத்துவர்களுக்கு வழிகாட்டின. 1991-இல் அமெரிக்காவில் ஊர்வன, இருவாழ்வி மருத்துவர்களின் சங்கம் தோன்றியது. 1996-இல் வெளிவந்த மேடரின் நூல் துறையின் பொதுப் பாடநூலாயிற்று.

இந்தியாவில் இந்த வரலாறு வேறு போக்கில் சென்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதற்கு இடம் தரவில்லை. சென்னை கிண்டிப் பாம்புப் பண்ணை போன்ற நிறுவனங்களிலேயே பாம்புப் பராமரிப்பு நிலைத்தது. ஆயினும் அயல்நாட்டுப் பாம்புகள் நகரங்களில் வளர்க்கப்படுவதை அரசே ஏற்றுக்கொண்டு, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதிகளை 2024-இல் வெளியிட்டது. பால் பைத்தான் அப்பட்டியலில் உள்ளது. பாம்பைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரின் தேவையும் இனி இங்கே கூடும்.

நோயறியும் கருவிகள் பெருகியபோது தேர்வுகளும் பெருகின. உண்ட இரையைச் சில நாட்களில் கக்கி, உடலின் நடுப்பகுதி வீங்கிய ஒரு பாம்பை எண்ணிப்பார்த்தால் இது விளங்கும். இரைப்பையில் புற்றுக்கட்டி இருக்கலாம், விழுங்கிய அந்நியப்பொருள் இருக்கலாம், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியும் இருக்கலாம். இந்த ஒட்டுண்ணியால் இரைப்பையின் உட்சுவர் தடித்த 14 பாம்புகளைப் பிரவுன்ஸ்டைன் முதலியோர் 1977-இல் விவரிக்கும் வரை இப்படியொரு நோய் இருப்பதே தெரியாது. முதல் இரண்டுக்கும் அறுவை பயன் தரலாம். மூன்றாவதற்கு அறுவை வீண் துன்பம். ஆகவே எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஆகிய தீங்கற்ற சோதனைகளும், இரைப்பையில் உப்புநீரைச் செலுத்திக் கழுவி எடுத்த நீரை ஆராய்வதும், உள்நோக்கி வழியே திசு எடுப்பதும் என்று, துன்பம் குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி நகரும் வரிசை ஒன்று உருவாயிற்று. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 1990களில் பசுவின் சீம்பாலைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தனர். தடுப்பூசி போட்ட பசுவின் சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருள்கள் ஒட்டுண்ணியை ஒடுக்கும் என்பது கருத்து. அது உறுதியான மருந்தாக நிலைபெறவில்லை. வழக்கமான கிருமிநாசினிகளுக்கும் அசையாத இந்த ஒட்டுண்ணி ஏனைய பாம்புகளுக்குப் பரவும் என்பதால், நோய் முற்றிய பாம்புக்குக் கருணைக்கொலையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவை தகும் இடமும் உண்டு. முட்டை வெளிவராமல் கருக்குழாயில் தங்கிவிட்ட பெண் பாம்புக்கு முதலில் வெப்பமும் நீர்ச்சத்தும் தனிமையும் தரப்படும். பாலூட்டிகளுக்கும் ஆமைகளுக்கும் உதவும் ஆக்சிடோசின் ஊசி பாம்புகளில் அவ்வளவு பலிப்பதில்லை. முட்டைக்குள் ஊசியைச் செலுத்தி உள்ளீட்டை உறிஞ்சிச் சுருங்கவைப்பது இடைவழி; அது பிந்தினாலோ கைகூடாவிட்டாலோ வயிற்றைத் திறக்க வேண்டும். அப்போதும் அடிவயிற்றின் அகன்ற செதில்களை அறுக்காமல், பக்கவாட்டுச் சிறு செதில் வரிசைகளின் இடையே வெட்டு போடப்படுகிறது. தரையில் ஊரும் பிராணிக்கு அடிவயிற்றுக் காயம் எளிதில் ஆறாது என்பதே காரணம். நாய்க்கு 10 முதல் 14 நாட்களில் பிரிக்கும் தையல் பாம்பின் தோலில் 6 முதல் 8 வாரங்கள் இருக்கும். அறுவைச் சிகிச்சையின் பலனை ஒரு வாரத்தில் எதிர்பார்க்கும் வளர்ப்பவருக்கு, இரண்டு மாதங்கள் பொறுத்திருக்க முடியுமா என்று முதலிலேயே சொல்லிக் கேட்பது மருத்துவரின் கடமையாயிற்று.

அறிவு கூடியதனால் தீர்மானம் எப்போதும் எளிதாகிவிடவில்லை என்பதற்கு உட்பொருள் நோய் சான்று. போவாக்களும் மலைப்பாம்புகளும் தலையை நேரே வைக்க முடியாமல், திருப்பிப்போட்டால் நிமிர முடியாமல் நலிந்து இறக்கும் இந்நோய் 1970களின் நடுவிலிருந்து அறியப்பட்டது. செல்களுக்குள் காணப்படும் சிறு புரதத் திரட்சிகளே அதற்குப் பெயர் தந்தன. காரணம் தெரியாத நிலையிலும் நோய் கண்ட பாம்பைக் கொன்றுவிடுவதே மற்றவற்றைக் காக்கும் வழியென்று கருதப்பட்டது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஸ்டெங்லைன், டெரிசி முதலிய ஆய்வாளர்கள், நோயுற்ற பாம்புகளின் மரபுப்பொருளை ஆராய்ந்து, ஆப்பிரிக்காவில் மனிதரைத் தாக்கும் லாசா காய்ச்சல் வைரசின் குடும்பத்தைச் சேர்ந்த அரினா வைரஸ்களை அவற்றில் கண்டனர். சோதனை கைக்கு வந்ததும் புதிய சிக்கலும் வந்தது: வைரஸைச் சுமந்தும் பல ஆண்டுகள் நோய்க்குறியின்றி வாழும் போவாக்கள் குறைவில்லை. நரம்பு நலிந்து துன்புறும் பாம்புக்கு உரிய முடிவை, உண்டு உறங்கி இயல்பாக வாழும் பாம்புக்கும் சோதனைத்தாளை மட்டும் பார்த்து வழங்குவது நியாயமாகாது; அதைத் தனித்து வைத்து, இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி, வாழவிடுவதே தகும் என்ற கருத்து வலுப்பெற்றிருப்பது வரவேற்கத்தக்கது.

எல்லாவற்றிலும் பிந்திக் கவனம் பெற்றது வலி. 2008-இல் ஸ்லாட்கி முதலியோர் தாடிப் பல்லிகளையும் சோளப் பாம்புகளையும் ஒப்பிட்டு, பல்லிகளின் வலியைக் குறைத்த மார்ஃபின் பாம்புகளில் மிகுந்த அளவில் கொடுத்தும் பயன் காட்டவில்லை என்று கண்டனர். இரண்டும் ஊர்வன என்பதால் ஒன்றுக்கு உதவியது மற்றதற்கும் உதவும் என்ற எண்ணம் அத்தோடு தளர்ந்தது. இந்தச் செய்தியின் கனம் பெரிது. மயக்கத்தில் இருக்கும் வரை பாம்பு துன்புறுவதில்லை. ஆனால் விழித்த பின் வரும் வாரங்களின் வலியை எந்த அளவுக்கு அடக்க முடியும் என்பது உறுதியில்லாதபோது, வெற்றிவாய்ப்புக் குறைந்த பெரிய அறுவையின் நியாயம் மெலிகிறது. குரலெழுப்பாத, இமை மூடாத, முகக்குறி மாறாத பிராணியின் வலியை அதன் அசைவு, நிறம், நாக்கை நீட்டும் அளவு, சுருண்டிருக்கும் விதம், உண்ணும் விருப்பம் ஆகியவற்றைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதை மருத்துவரைவிட நன்றாகக் காண்பவர் நாள்தோறும் பார்த்து வளர்ப்பவரே.

உயிரை முடித்துவைக்கும் முறையிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. தலையைத் துண்டிப்பதும், வீட்டிலுள்ள உறைபெட்டியில் வைத்துவிடுவதும் நெடுங்காலம் இரக்கமான வழிகள் என்றே நம்பப்பட்டன. ஊர்வனவற்றின் மூளை உயிர்வளிக் குறைவைப் பாலூட்டிகளைவிட வெகுநேரம் தாங்கும். ஆகையால் துண்டித்த தலையில் உணர்வு சிறிது நேரம் எஞ்சியிருக்கக்கூடும். உறைய வைப்பதிலோ, உணர்வு அடங்கும் முன்பே திசுக்களில் பனித்துகள்கள் உருவாகும் அபாயம் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் கருணைக்கொலை பற்றிய தன் முதல் அறிக்கையை 1963-இல் வெளியிட்டது. ஊர்வனவற்றுக்கும் இருவாழ்விகளுக்கும் என்றே தனி அறிக்கை ஒன்று 1989-இல் பிரித்தானியாவிலிருந்து வந்து, துண்டித்த உடனே மூளையையும் அழிக்க வேண்டும் என்பதையும், குளிரைக் கொல்லும் வழியாகக் கொள்ளலாகாது என்பதையும் வலியுறுத்தியது. இன்று நல்ல மருத்துவமனைகளில், முதலில் ஊசியால் பாம்பை ஆழ்ந்து மயங்கச் செய்து, அதன் பின்னரே பெண்டோபார்பிட்டாலை இதயத்திலோ இரத்தக்குழாயிலோ செலுத்துகின்றனர். பாம்பின் இதயம் மூளை அடங்கிய பின்னும் நெடுநேரம் துடிக்கும் என்பதால், டாப்ளர் கருவியைக் கொண்டு துடிப்பு நின்றதை உறுதிசெய்த பின்னரே உடல் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்.

ஒப்படைக்கும் முன்பு கூறாய்வுக்கு இசைவு கேட்பதும் இன்றைய வழக்கம். ஒரே அறையில் பல பாம்புகளை வைத்திருப்பவருக்கு அந்த அறிக்கை இன்றியமையாதது. மற்றவற்றைத் தனித்து வைப்பதா, சோதிப்பதா, எந்தக் கூண்டுகளைக் கொளுத்திக் களைவது என்ற அடுத்த தீர்மானங்களை அதைக் கொண்டே எடுக்க முடியும்.